நீ கேட்ட அந்தத் திங்கட்கிழமை

மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் சொன்ன செய்திக்கு நான் "நல்லது" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லி வைத்துவிட்டேன். உனக்கு அது குறையாகத்தான் இருந்திருக்கும். பரீட்சையில் தவறிய பிள்ளைகளை அழைத்துப் பேசி, யாரைக் கண்காணிப்பில் வைத்துத் தொடர விடலாம், யாரை ஓராண்டுக்கு இடைநிறுத்த வேண்டும் என்று பல்கலைக்கழகப் பீடத்துக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் எந்த மேசைக்கு முன்னால் தலை குனிந்து நின்றாயோ, அதே மேசைக்குப் பின்னால் அடுத்த மாதம் முதல் நீ உட்காரப் போகிறாய். உன் அப்பா இருந்திருந்தால் தேயிலைத் தோட்டம் முழுக்க நடந்தே போய்ச் சொல்லியிருப்பார். நானும் சந்தோஷப்பட்டேன். அதற்கு அடுத்தபடியாக நீ சொன்னதுதான் என் வாயை அடைத்துவிட்டது. "வர்ற பிள்ளைங்க எல்லார்கிட்டயும் மொதல்ல ஒண்ணு சொல்லப் போறேன்மா. வீட்டுல சொல்லுங்க, மறைக்காதீங்கன்னு. நான் எங்கம்மாகிட்ட சொல்லியிருந்தா அவங்க அன்னைக்கே வந்திருப்பாங்க, எனக்கு ஒரு வருஷம் போயிருக்காதுன்னு சொல்லப் போறேன்."

நீ அப்படிச் சொல்லக்கூடாது. அது உண்மையில்லை. உண்மை என்னவென்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர்தான். ஒருவர் நான். மற்றவர் இந்தப் பன்னிரண்டு வருஷமும் எனக்காக வாயைத் திறக்கவில்லை. நீ அந்த நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கைக்கு வர வேண்டும் என்றுதான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எழுதுகிறேன். படித்து முடிக்கும் வரை என்னை அழைக்காதே. பேசி முடிக்கிற வரைக்கும் குறுக்கே வரக்கூடாது என்று நம் வீட்டில் சட்டம் போட்டவன் நீதான். இன்றைக்கு அந்தச் சட்டம் எனக்கு வேண்டும்.

நான் படித்த கான்வென்டில் ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை, பிள்ளைகள் எல்லோரும் வரிசையில் நின்று அந்த வாரம் செய்த குற்றங்களை மதரிடம் சொல்ல வேண்டும். மதம் எதுவானாலும் விதிவிலக்கு கிடையாது. நான் அதில் கெட்டிக்காரி. சட்டையில் மை கொட்டிவிட்டேன், ஜெபத்தின்போது ஜன்னல் வழியே வெளியே பார்த்தேன் என்று சின்னச் சின்னதாக நாலு குற்றம் வைத்திருப்பேன். அதைக் கேட்ட மதருக்கு என் நேர்மையில் நம்பிக்கை வந்துவிடும். பெரியதை யாரும் கேட்க மாட்டார்கள். உன்னிடமும் இத்தனை காலம் அப்படித்தான் இருந்திருக்கிறேன். உன்னை அதிகமாக அடித்தேன், விளையாட விடவில்லை, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளோடு சேரவிடாமல் வைத்தேன் என்றெல்லாம் உன் கல்யாணத்துக்கு முந்தின நாள் சொல்லி அழுதேன். நீயும் கண் கலங்கி என் கையைப் பிடித்தாய். அவை எல்லாம் மைக்கறை.

ஒன்று மட்டும் மைக்கறை இல்லை என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். உனக்கு அப்போது எட்டு வயது. தோட்டத்துக்குப் புதிதாக வந்திருந்த உதவி மேலாளர், சின்னத்துரை, நம் வீட்டுக்குத் தேநீர் குடிக்க வந்தார். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், உன் அப்பா பொறுப்பாக இருந்ததால் அந்த மரியாதை. நீ யாரும் கேட்காமலே அவர் முன்னால் போய் நின்று, நம் வீட்டு நாய் குட்டி போட்ட கதையை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாய். முகமெல்லாம் ஒளி உனக்கு. இரண்டாவது வாக்கியத்தில் ஒரு பிழை வந்தது. நான் திருத்தினேன். மறுபடி சொன்னாய், அடுத்த இடத்தில் தடுமாறினாய், அதையும் திருத்தினேன். மூன்றாம் முறை முதலில் இருந்து சொல்லச் சொன்னேன். சின்னத்துரை "பரவாயில்லை, பரவாயில்லை" என்றார். நீ அந்த நாய்க்குட்டிகளை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாய். அதற்குப் பிறகு என் காது கேட்க நீ ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேசவில்லை. எழுத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கினாய், ஆகவே நான் கவலைப்படவில்லை. எழுத்தை மட்டுமே திருத்திப் பழகிய டீச்சர் நான்.

பிறகு நீ பல்கலைக்கழகம் போனாய், தொண்ணூறுகளின் பாதியில். நம் தோட்டத்தில் இருந்து போன முதல் பிள்ளை. மஸ்கெலியாவில் உன்னை பஸ் ஏற்ற வந்தவர்களை இன்னும் நினைவு வைத்திருக்கிறேன். மலைக்குப் போகும் பெண்கள் அரை நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். மேல் லயத்து லெட்சுமி, கொழுந்து எடுத்துக் கறுத்த விரலால் உன் நெற்றியில் திருநீறு பூசினாள். நான் உள்ளுக்குள், கையைக் கழுவிவிட்டுப் பூசியிருக்கலாமே என்று நினைத்தேன். அப்படிப்பட்ட பெண் நான், மறைத்து என்ன. அங்கே உனக்கு எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில் நடந்தது. தமிழில் படித்துத் தேறிய மற்றப் பிள்ளைகள் தட்டுத் தடுமாறியாவது கேள்வி கேட்டார்கள், நீ கேட்கவில்லை. கேட்காததால் புரியவில்லை, புரியாததால் போகவில்லை, போகாததால் வருகை குறைந்தது, முதல் வருஷப் பரீட்சையில் மூன்று பாடம் தவறின. ஏன் கேட்கவில்லை என்று பிற்பாடு ஒரு நாள் நான் கேட்டபோது நீ சொன்ன பதிலை நான் யாருக்கும் சொன்னதில்லை. "கேள்வி வாய் வரைக்கும் வரும்மா. அப்புறம் நீங்க வந்து முன்னால நிப்பீங்க."

இனி நீ அறியாத பகுதி. தோட்டத்துத் தபால் எப்படி வரும் என்று உனக்குத் தெரியும். டவுன் தபாற்கந்தோரில் இருந்து பையைச் சுமந்துகொண்டு ஆறுமுகம் நடந்து வருவார். ஆபீசில் பிரித்து, லயத்துக் கடிதங்களைக் காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். நம்மைப் போன்ற உத்தியோகத்தர் வீட்டுக் கடிதங்களை ஆறுமுகமே கொண்டுவந்து தருவார். அவருக்கு எழுத்து தெரியாது, உறையைப் பார்த்தே ஆள் சொல்வார். அன்றைக்குப் பள்ளிக்கூடத்து வாசலுக்கே வந்து, "டீச்சரம்மா, தம்பி கேம்பஸுல இருந்து நீளக் காயிதம் வந்துருக்குங்க" என்றார். நான் பிள்ளைகள் முன்னால் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டேன். பெற்றோருக்கு என்று முகவரி போட்டிருந்தது. உன் பெயர், உன் இலக்கம், தவறிய பாடங்கள், வருகைக் குறைவு. நீ கண்காணிப்பின் கீழ் வைக்கப்பட்டிருக்கிறாய் என்றும், மூன்று வாரம் கழித்து வரும் திங்கட்கிழமை காலையில் பெற்றோரில் ஒருவர் உன்னோடு நேரில் வந்து பேச வேண்டும் என்றும், வந்தால் மேலும் ஒரு தவணை படிக்க இடம் தருவார்கள் என்றும், வராவிட்டால் ஓராண்டு இடைநிறுத்தம் என்றும் தெளிவான ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பிழையில்லாத கடிதம். இரண்டு தரம் படித்தேன்.

உன் அப்பாவுக்கு ஆங்கிலக் கடிதம் என்றால் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். அவர் கணக்கில் புலி, ஆங்கில எழுத்தில் ஆள் பெயரும் சரக்கின் பெயரும் மட்டும் படிப்பார். அன்றைக்கு அவர் சாப்பிட உட்கார்ந்தபோது, என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஆவலோடு கேட்டார். நான் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டே, வாசிப்பதுபோல், "நல்லா படிக்கிறானாம், இன்னும் கொஞ்சம் கவனம் வேணுமாம்" என்றேன். அவர் அந்தத் தாளை வாங்கி உன் பெயர் இருக்கும் இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். இப்போது எழுதும்போதும் அந்த விரல்தான் கண்ணில் நிற்கிறது. கடிதத்தை அல்மாரியில் என் கூறைப்புடவைக்குக் கீழே வைத்துப் பூட்டினேன்.

ஏன் என்று கேட்பாய். அந்த வருஷம் மாரியம்மன் தேர்த் திருவிழாவில் நமக்குக் காளாஞ்சி கொடுப்பது என்று கோயில் கமிட்டி தீர்மானித்திருந்தது. சாமிக்குப் படைத்த தட்டை முதல் மரியாதையாக ஒரு வீட்டாருக்கு எடுத்துக் கொடுப்பது. எப்போதும் துரை பங்களாவுக்கும் பெரிய கங்காணி வீட்டுக்கும் போன மரியாதை அது. முதல் தடவையாகப் படிப்புக்காக ஒரு வீட்டுக்கு வருகிறது. தேர் அந்த ஞாயிற்றுக்கிழமை. பல்கலைக்கழகம் கூப்பிட்டது அதற்கு அடுத்த நாள் காலை. ஞாயிறு இரவே புறப்பட்டால்தான் போய்ச் சேரலாம். மாலை போட்ட கழுத்தோடு நான் ஹட்டன் பஸ்ஸில் ஏறினால் தோட்டம் முழுக்க ஏன் என்று கேட்கும். கேட்டால் என்ன சொல்வது? நான் பொய் சொல்லாதவள் என்று பெயர் எடுத்தவள். ஆகவே பொய் சொல்ல நேராத வழியைத் தேடினேன். போகாமல் இருப்பது என்று முடிவு செய்தேன்.

நீ வெள்ளிக்கிழமையே வந்துவிட்டாய். உன் சட்டைப் பையிலும் அதே போல ஒரு தாள் இருந்திருக்க வேண்டும். சனிக்கிழமை இரண்டு தரம் "அம்மா, ஒரு விஷயம்" என்று தொடங்கினாய். ஒரு தரம் உன்னைப் பூ வாங்க அனுப்பினேன், மறு தரம் தேர் முடியட்டும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை, தோட்டத் தலைவர் ஒலிபெருக்கியில் "நம்ம தோட்டத்து மொத கேம்பஸ் புள்ள" என்று உன் பெயரைச் சொன்னார். நீ நடந்து வந்த விதத்தைப் பார்த்து, பக்கத்தில் நின்ற லெட்சுமி, "தம்பி என்னங்க, பலிகெடா மாதிரி வருது" என்று சிரித்தாள். நான் அவளை முறைத்தேன். தட்டைச் சேர்ந்து வாங்கினோம், ஒரு பக்கம் உன் கை, ஒரு பக்கம் என் கை. அப்போதுதான் நீ குனிந்து என் காதோடு கேட்டாய். "அம்மா, நாளைக்கி திங்கக்கெழம எங்கூட வர்றீங்களா?"

ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். விஷயம் தெரியாத அம்மாவாக இருந்தால் கேட்டிருப்பேன். "திங்கக்கெழம எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கு" என்றேன். நீ தலையாட்டினாய். அன்று மாலையே தனியாக பஸ் ஏறினாய்.

நீ இத்தனை வருஷமாகச் சொல்லி வருவது, ஏன் என்று சொல்லாமல் கேட்டது உன் தப்பு என்று. மகனே, நீ சொல்லத் தேவையே இருக்கவில்லை. எனக்கு நாள் தெரியும், நேரம் தெரியும், அறையின் இலக்கம்கூடத் தெரியும்.

அடுத்த நீளக் காயிதம் வந்தபோது ஆறுமுகம் அதைச் சத்தமில்லாமல் என் கையில் வைத்துவிட்டுப் போனார். ஓராண்டு இடைநிறுத்தம். நீ டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாய். எல்லாவற்றையும் நீயாகவே அப்பாவிடம் சொன்னாய். நான் அப்போதுதான் கேட்பவள்போல் சுவரில் சாய்ந்து நின்றேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. உன் தோளில் கை வைத்து, "சாப்பிட்டியாப்பா" என்று மட்டும் கேட்டார். என் மனத்தில் அவருக்கு இருக்கும் உயரம் அன்றைக்கு வந்தது.

ஊருக்கு நான் வேறு கதை வைத்திருந்தேன். அந்தக் காலத்தில் பல்கலைக்கழகங்கள் மூடுவதும் திறப்பதும் சாதாரணம், ஏதோ வேலைநிறுத்தம் என்று சொன்னால் போதும். ஒரு மாதம் அது ஓடியது. பிறகு லெட்சுமி, கூடையை இறக்கி வைத்துவிட்டு, "கேம்பஸுல லீவு ரொம்ப நீளந்தாங்க டீச்சரம்மா. அப்படி ஒரு லீவு எங்களுக்கும் கெடைக்காதா" என்று கேட்டாள். மறுநாள் காலை நீ பெரட்டுக் களத்துக்குப் போய், எல்லோரும் நிற்கும்போது, பரீட்சையில் பெயிலாகிவிட்டேன், ஒரு வருஷம் நிறுத்தியிருக்கிறார்கள், ஸ்டோரில் ஏதாவது வேலை இருந்தால் செய்கிறேன் என்று சொல்லிவிட்டாய். அதைக் கேள்விப்பட்டதும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். யார் யார் என்னவெல்லாம் பேசுவார்கள் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன்.

அவர்கள் என்ன பேசினார்கள் என்று உனக்குத் தெரியும். மாலையில் லெட்சுமி நம் வாசலுக்கு வந்து, உன்னிடம் நேராகவே பேசினாள். "எங்க வீட்டு ஆள மூணு தடவ வேல நிப்பாட்டிட்டாங்க தம்பி. தொரைய எதுத்துப் பேசுனதுக்கு ஒரு தடவ, குடிச்சிட்டு வந்ததுக்கு ரெண்டு தடவ. நிப்பாட்டுனா நிப்பாட்டுனதுதான், செத்தா போயிட்டோம்? நாளு முடிஞ்சா பெரட்டுக்குப் போயி நின்னா திரும்ப பேரு போடுவாங்க. நீ குடிக்கக்கூட இல்லயே." நீ சிரித்தாய். அந்த வருஷத்தில் உன் வாயில் நான் பார்த்த முதல் சிரிப்பு. நான் அவமானம் என்று அல்மாரிக்குள் வைத்துப் பூட்டிய விஷயத்துக்கு, தலைமுறை தலைமுறையாக அவர்களிடம் ஒரு பெயரும் ஒரு மருந்தும் இருந்திருக்கின்றன. எனக்கு அது தெரியவில்லை, ஏனென்றால் நான் அவர்களோடு பேசியதே இல்லை. அவர்கள் பிள்ளைகளோடு மட்டும்தான் பேசினேன், அதுவும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு.

நீ ஸ்டோரில் கொழுந்து வாட்டும் மேல்தட்டில் நாட்கூலிக்குச் சேர்ந்தாய். உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளை கூலிக்கு நிற்பதா என்று நான் அப்பாவோடு ஒரு வாரம் பேசவில்லை. அவர் என் மௌனத்தைத் தேநீர் குடிப்பதுபோல் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் வேலை முடிந்து, பச்சைக் கொழுந்து வாசனையோடு வந்து மேசையில் உட்கார்ந்து, உனக்கு ஆங்கிலம் பேசப் பழக வேண்டும் என்று சொன்னாய். நான் பழைய இலக்கணப் புத்தகத்தை எடுக்க எழுந்தேன். "புத்தகம் வேணாம். நான் பேசுறேன். நான் முடிக்கிற வரைக்கும் நீங்க வாயத் தெறக்கக்கூடாது. முடிச்சிட்டேன்னு சொன்னதுக்கு அப்புறம் திருத்துங்க." என் பிள்ளை எனக்கு நிபந்தனை போட்டது அதுதான் முதல் தடவை. முதல் நாள் நீ எதைச் சொன்னாய் தெரியுமா, நாய் குட்டி போட்ட கதையை. பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எத்தனை குட்டி, எந்தக் குட்டியை யார் எடுத்துப் போனார்கள் என்பது வரை சொன்னாய். பிழைகள் என் முன்னால் ஒவ்வொன்றாக நடந்து போயின. நான் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு இருந்தேன். முடித்துவிட்டேன் என்றாய். எனக்குத் திருத்த ஒன்றும் நினைவில் இல்லை. கடைசிக் குட்டி காலில்லாமல் பிறந்தது எனக்கு அதுவரை தெரியாது.

ஒரு வருஷம் முடிந்து உன்னைத் திரும்பச் சேர்ப்பதற்குக் கூப்பிட்டார்கள். இந்த முறை நானாகவே வருகிறேன் என்றேன். ரயிலில் நீ என்னை ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்தாய். அந்த அறையில் இருந்த விரிவுரையாளர் நல்ல மனிதர், எழுந்து நின்று எனக்கு நாற்காலி காட்டினார். கோப்பைப் புரட்டிவிட்டு, போன வருஷம் உங்களுக்கு உடம்பு முடியாமல் இருந்ததாமே, இப்போது சுகமா என்று விசாரித்தார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அந்தத் திங்கட்கிழமை நீ எனக்காக என்ன சொல்லியிருக்கிறாய் என்று. சுகம் என்றேன். அவர் விடவில்லை. வீட்டுக்குக் கடிதம் அனுப்பினோமே, கிடைக்கவில்லையா என்று என்னையே கேட்டார். நீ குறுக்கே வந்து, தோட்டத்துக் கடிதங்கள் ஆபீஸ் பை வழியாக வருவதையும், வழியில் சில தவறிப் போவதையும், அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது என்பதையும் நிதானமாக ஆங்கிலத்தில் விளக்கினாய். நீளமான வாக்கியங்கள். அவற்றில் ஒரு பிழைகூட இல்லை. உண்மைதான் இல்லை. நான் திருத்தவில்லை.

நீ அதை நம்பித்தான் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். திரும்பி வந்த அன்றைக்கு பஸ்ஸை விட்டு இறங்கியதும் மலையில் இருந்து பெண்கள், "பேரு போட்டுட்டாங்களா தம்பி" என்று கூவிக் கேட்டார்கள். போட்டுவிட்டார்கள் என்று நீ கையை உயர்த்தினாய். எதிரே ஆறுமுகம் பையோடு வந்தார். நீ விளையாட்டாக அவர் பையைத் தட்டி, "அண்ணே, என் ஒரு வருஷம் உங்க பைக்குள்ளதான் எங்கயோ கெடக்கு" என்றாய். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு உன்னைப் பார்த்துச் சிரித்து, "தேடிப் பாக்குறேன் தம்பி" என்றார்.

அதற்குப் பிறகு அவர் ஓய்வு பெறும் வரைக்கும் உன் ஒவ்வொரு நல்ல செய்தியையும் அவர்தான் கொண்டுவந்தார். பட்டம் பெற்ற செய்தி, வேலை கிடைத்த செய்தி, வெளிநாட்டுக்கு மேற்படிப்புக்கு அழைத்த செய்தி. ஒரு நாளும் அந்தப் பழைய உறையை அவர் நினைவூட்டவில்லை. அப்பா இறந்தபோது பாடைக்குத் தோள் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். உன் தொலைபேசி வந்த மறுநாள் நான் லயத்துக்கு நடந்து போனேன். அவர் வீட்டுக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை, அறுபத்தைந்து வயதில். எல்லாவற்றையும் உனக்கு எழுதப் போகிறேன் என்றேன். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "இப்ப எதுக்குங்க டீச்சரம்மா. தம்பிக்குத்தான் பேரு போட்டாச்சே" என்றார். உங்கள் பேர் என்னால் கெட்டுக் கிடக்கிறதே என்றேன். அவர் சிரித்தார். "எம்பேரு பையோட போச்சுங்க. ஆனா ஒண்ணு. அன்னைக்கி நீங்க சிரிச்சிக்கிட்டே வாங்குனீங்களா, நல்ல சேதின்னு நெனச்சி வழி நெடுக எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் போனேன். அதான் எனக்குக் கொஞ்சம் சங்கடம்." பன்னிரண்டு வருஷத்தில் அவர் என்மேல் சொன்ன குறை அவ்வளவுதான்.

ஆகவே, நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் பிள்ளைகளிடம் வீட்டில் சொல்லுங்கள் என்று சொல், அதில் தப்பில்லை. ஆனால் சொன்னால் அம்மா வந்துவிடுவாள் என்று உறுதி கொடுக்காதே. சில அம்மாக்களுக்குத் தெரிந்தும் வர முடியாது. வராத அம்மாவைப் பற்றிப் பிள்ளை ஏதாவது காரணம் சொன்னால், அது பொய் என்று உனக்குத் தெரிந்தாலும் கொஞ்சம் பொறு. அது அந்தப் பிள்ளையின் கடைசிச் சட்டையாக இருக்கலாம், கழற்றிவிடாதே. பெற்றோருக்குப் போகும் கடிதத்தை அவர்களுடைய மொழியில் எழுதச் சொல்; கணவனுக்கு மனைவி படித்துச் சொல்லும்படி வைக்காதே. ஒரு நாள் போதாது, இரண்டாவது ஒரு நாள் கொடு. தேருக்கு அடுத்த நாள் கூப்பிட்டுவிட்டோம் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? வாய் திறக்காமல் நிற்கும் பிள்ளை சோம்பேறி என்று எழுதுவதற்கு முன்னால், அவன் முன்னால் வேறு யார் நிற்கிறார்கள் என்று பார். அவன் பேசத் தொடங்கிவிட்டால், முடிக்கும் வரை காத்திரு. இதை நான் உனக்குக் கற்றுத் தரவில்லை. நீ எனக்குக் கற்றுத் தந்ததைத் திருப்பிச் சொல்கிறேன்.

எனக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கும் எண்ணம் இருந்தது. எழுத உட்கார்ந்தபோது நன்றிதான் முன்னால் வந்து நிற்கிறது. எனக்காக நோய் ஒன்றைக் கற்பித்துச் சொன்னாயே, அதற்கு. கூலிக்கு நின்று எனக்கு லயத்தின் பாதையைக் காட்டினாயே, அதற்கு. நான் வாங்க மறுத்த ஒரு வருஷத்தை, வீண் என்று சொல்லாமல், சாயங்காலம் சாயங்காலமாக என் மேசையில் கொண்டுவந்து வைத்தாயே, அதற்கு. அந்த வருஷம் இல்லாவிட்டால் எனக்கு ஒரு பட்டதாரி மகன் இருந்திருப்பான், பேசுகிற மகன் இருந்திருக்க மாட்டான். அதற்காக நான் செய்தது சரியென்று ஆகிவிடாது. நீ அப்படிச் சமாதானம் சொல்வாய் என்று தெரிந்துதான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

இங்கே இந்த வருஷம் மழை குறைவு. நீர்த்தேக்கம் வற்றி, மூழ்கின பழைய கோயில் தலை காட்டுகிறது. ஹட்டனில் இருந்தெல்லாம் பார்க்க வருகிறார்கள். லெட்சுமியின் பேத்தி ஏ.எல். பரீட்சை எடுக்கிறாள். மாலையில் என்னிடம் வந்து ஆங்கிலத்தில் பேசுகிறாள். என் முந்தானை நுனி நைந்துவிட்டது.

அந்த நீளக் காயிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். மடிப்பில் கிழிந்திருக்கிறது, பத்திரமாகப் பிரி. உன் பெயருக்குப் பக்கத்தில் லேசாக ஒரு மங்கலான கறை இருக்கும். அது அப்பாவின் விரல். தபாலில் அனுப்பவில்லை. ஆறுமுகத்தின் கையில் கொடுத்தேன். தம்பிக்கு வந்த காயிதத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு ரயில் ஏறுகிறார். அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வை. அவர் உன் முன்னால் இருக்கும்போதே அந்தக் காயிதத்தைப் படி.

நான் முடித்துவிட்டேன். இனி நீ திருத்தலாம்.

அம்மா